ஒருவரும் சாகாத உளவுப்படம்

ஓடிக்கொலோன் வாசம் வந்தால் என் வயதுக்காரர்கள் பலருக்குக் காய்ச்சலும் நெற்றியில் போட்ட ஈரத் துணியும் நினைவுக்கு வரும். எனக்கு மழைக்கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்கார உளவாளிதான் நினைவுக்கு வருவான். எங்கள் வீட்டு வீடியோ டெக்கின் தலையை ஐயா ஓடிக்கொலோனில் நனைத்த பஞ்சால்தான் துடைப்பார். துடைத்து மூடியதும் திரையில் இருந்த வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாய்க் குறையும். மழையில் நனைந்த ஒரு பாலத்தைக் கடந்து அந்த ஆள் எங்களை நோக்கி வருவான். வீடு முழுக்க அந்த வாசம் நிற்கும்.

சென்ற மாதம் அவனை மறுபடியும் பார்த்தேன். ரொறன்ரோவில் இருக்கும் மகள் அனுப்பிய பார்சலில் வந்தான். அவன் வரும் தொடரின் பெயர் அதுவரை எனக்குத் தெரியாது. எங்கள் தெருவுக்கு அது ‘உளவுப்படம்’, அவ்வளவுதான். பாலம், மழைக்கோட்டு, கந்தோருக்குள் இருந்து பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றும் மேலதிகாரி என்று நான் தொலைபேசியில் சொன்னதையும், தொடக்கத்தில் வரும் இசையை முணுமுணுத்ததையும் வைத்தே மகள் கண்டுபிடித்துவிட்டாள். பதின்மூன்று பாகங்கள், நான்கு தட்டுகள். கீழே ஆங்கில எழுத்து ஓடும், ஆறுதலாக, அவசரப்படாமல் வாசித்துப் பாருங்கோ அம்மா என்று ஒரு துண்டு எழுதி உள்ளே வைத்திருந்தாள்.

இப்போது நாங்கள் இருக்கும் இணுவிலில், மத்தியானச் சாப்பாடு முடிந்து கணவர் கண்ணயர்ந்த நேரத்தில் முதல் தட்டைப் போட்டேன். பத்து நிமிடம் ஆகவில்லை, நிறுத்திவிட்டேன். புகைவண்டி நிலையத்தில் ஒரு கிழவனைச் சுடுகிறார்கள். அவன் விழுகிறான். ஆள் முடிந்துவிட்டது என்று கீழே எழுத்து ஓடுகிறது. எனக்குத் தெரிந்த கதையில் அந்தக் கிழவன் சாகவேயில்லை. அது மயக்க ஊசி போட்ட துவக்கு. அவனை வேறொரு நாட்டுக்குக் கொண்டுபோய், முந்திரிகைத் தோட்டத்தோடு ஒரு வீடு கொடுத்து வைத்திருந்தார்கள்.

எங்களுக்கு அப்படித்தான் சொல்லப்பட்டது.

எனக்கு அப்போது பதினொரு வயது. வல்வெட்டித்துறையில் இருந்தோம். ஐயா கப்பலில் இயந்திரப் பகுதியில் வேலை செய்தார். அந்த மாரிக்கு லீவில் வந்தபோது ஒரு ரீவியும் டெக்கும் ஐந்து கசெற்றுகளும் கொண்டுவந்தார். கசெற்றுகளை லண்டனில் இருந்த ஒரு கப்பல் கூட்டாளி தன் வீட்டில் பதிந்து கொடுத்திருந்தார். கலர் ரீவி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுத் தெருவே திரண்டது. போட்டுப் பார்த்தால் படம் கறுப்பு வெள்ளை. இரண்டு வள்ளம் வைத்திருந்த சம்மாட்டியார் ரீவியின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு, கலர் அங்கையே நிண்டிட்டுது போலை என்றார்.

வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் பக்கம் கடலுக்குப் போக முடியாது. ஆண்கள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணி என்றால் எங்கள் வீட்டுக் கூடம் நிரம்பிவிடும். ஈரக் குடைகள், ஈரச் சாரங்கள், அவித்த பனங்கிழங்கின் மணம், அதற்கு மேல் ஓடிக்கொலோன். முன்பக்கத் தகரத்தில் மழை கொட்டும் சத்தத்தில், ஆங்கிலம் தெரிந்தவனுக்கும் ஒன்றும் கேட்காது. தெரிந்தவரும் அங்கே ஒருவரும் இல்லை. முதல் ஞாயிறு, யார் நல்லவன் யார் கெட்டவன் என்று தெரியாமலே படம் முடிந்தது. அடுத்த கிழமை தந்தி மாஸ்ரரைக் கூப்பிட்டு, முதல் பாகத்தையே மறுபடியும் போடலாம் என்றார் ஐயா.

அம்மாவின் முகம் மாறியது. அவரை வீட்டுக்குள்ளே கூப்பிடுவதா என்று கேட்டார். அப்படிக் கேட்டதற்காக அம்மாவைக் குறை நினைக்காதீர்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது கடலில் இருந்தார்கள். தந்தி என்றாலே சாவுச் செய்தி என்றுதான் நினைப்பார்கள். தந்தி மாஸ்ரர் முப்பது வருடம் தபால் கந்தோரில் தந்தி எடுத்தவர். சாவுத் தந்தி ஆங்கிலத்தில் வந்தால் பியோனிடம் கொடுத்து அனுப்பமாட்டார். வாசிக்கத் தெரியாத சனம் கடதாசியைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடக்கூடாது என்று, தானே சைக்கிளில் கொண்டுபோய் வாசித்துச் சொல்லுவார். அதனால் அவருடைய சைக்கிள் எந்த ஒழுங்கைக்குள் திரும்பினாலும் பெண்கள் எழும்பி உள்ளே போய்விடுவார்கள். பென்சன் எடுத்து இரண்டு வருடமாகியும் அது மாறவில்லை. கலியாணம், சாமத்தியவீடு ஒன்றுக்கும் அவருக்குச் சொல்லமாட்டார்கள். மனைவி முன்பே போய்விட்டார். தனிமனிதர்.

அந்த ஞாயிறு வெள்ளை வேட்டியும், வியர்வைக்குக் கழுத்தைச் சுற்றி மடித்து வைத்த கைலேஞ்சியுமாக வந்தார். அம்மா கொடுத்த கதிரையில் இருக்கவில்லை. ரீவிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாங்கை இழுத்துப் போட்டு, பாதி திரையையும் பாதி எங்களையும் பார்த்தபடி இருந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் கேட்பார். வலது கைச் சுட்டுவிரல் முழங்காலில் தட்டிக்கொண்டே இருக்கும், தந்தி அடிப்பதுபோல. பிறகு மழைக்கு மேலால் குரலை உயர்த்திச் சொல்லுவார். சின்னச் சின்ன வசனங்கள். அவன் களவாய் வந்திருக்கிறான். அந்தத் தட்டெழுத்துப் பெட்டைக்கு அது தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. ஏனென்றால் அவளுடைய தமையன் அங்கே மறியலில் அடைபட்டிருக்கிறான்.

நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். வெள்ளைக்காரனின் பகிடியைக்கூடத் தமிழில் பகிடியாகவே சொல்லுவார். சனம் சிரித்து முடியும்வரை அடுத்த வசனத்துக்குக் காத்திருப்பார்.

அவர் சொன்ன படத்தில் ஒருவரும் சாகவில்லை. சுடப்பட்டவர்கள் மயங்கினார்கள். நஞ்சு குடித்தவர்களை வாந்தி எடுக்க வைத்தார்கள். மூன்றாவது பாகத்தில் அந்தத் தட்டெழுத்துப் பெட்டை பாலத்தில் இருந்து ஆற்றுக்குள் விழுந்தாள். உறைகிற தண்ணீரில் விழுந்தவள் எப்படித் தப்புவாள் என்று சம்மாட்டியார் கேட்டார்.

“கீழை வள்ளம் நிண்டது,” என்றார் தந்தி மாஸ்ரர். “படத்திலை காட்டேல்லை.”

சம்மாட்டியார் தலையை ஆட்டினார். வள்ளம் நின்றால் சரி.

கதவடியில், நிலையில் சாய்ந்துகொண்டு முன்வீட்டு மாமி இருப்பார். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மாமா வேலை செய்த சரக்குக் கப்பல் மூன்று வருடத்துக்கு முன் காணாமல் போயிருந்தது. அந்தத் தந்தியையும் கொண்டுவந்து வாசித்தவர் மாஸ்ரர்தான். மாமி பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை, வீட்டைவிட்டு வெளியேயும் வரவில்லை. உளவுப்படத்துக்குத்தான் முதன்முதலாய் வந்தார். நாலாம் ஞாயிறோ ஐந்தாம் ஞாயிறோ அவர் வாய்விட்டுச் சிரித்ததை அம்மா குசினிக்குள் நின்று கேட்டுவிட்டு, அகப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

தந்தி மாஸ்ரருக்கும் அந்த மாரி நல்ல மாரியாகத்தான் இருந்தது. தெருவில் கண்டால் சனம் நின்று கதைத்தது. அடுத்த தெருவில் ஒரு குழந்தைக்குப் பல்லு முளைத்ததென்று தலையில் கொழுக்கட்டை கொட்டிக் கொண்டாடினார்கள், அதற்கு அவருக்கும் சொன்னார்கள். புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் முன்னமே போய் இருந்தாராம்.

தைப்பொங்கலுக்குக் கொழும்பில் இருந்து சித்தப்பா லீவில் வந்தார். பெரிய கந்தோரில் வேலை, நல்ல ஆங்கிலம். எனக்குச் சித்தப்பா என்றால் உயிர். அந்த ஞாயிறு பதினோராம் பாகம். சித்தப்பாவின் மடியோடு சாய்ந்துகொண்டு, எங்கள் வீட்டிலும் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்ற பெருமையோடு இருந்தேன். மழை விட்டிருந்தது. அன்றைக்குப் படத்தின் சத்தம் தெளிவாகக் கேட்டது.

படத்தில் ஒரு இளம் பொடியன் பிடிபட்டிருந்தான். வானொலியில் செய்தி அனுப்புகிறவன். அவனைச் சுவரோடு நிறுத்திச் சுட்டார்கள். தந்தி மாஸ்ரரின் விரல் முழங்காலில் தட்டியது. வெறும் வெடிதான், பயமுறுத்தினார்கள், ஆளை எல்லைக்கு அங்கால் விட்டுவிட்டார்கள் என்றார்.

நான் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்து, அப்படித்தானே என்று கேட்டேன். அவரும் ஓம் என்று சொல்லுவார், இரண்டு கெட்டிக்காரரும் ஒன்றாகிவிடுவார்கள் என்று நினைத்தேன். வேறொன்றையும் நினைக்கவில்லை.

சித்தப்பா சிரித்தார். “ஆர் சொன்னது? பொடியன் செத்துப்போனான். தாயிட்டைப் போய்ச் சொல்லினம், கேக்கேல்லையோ? உவர் சொல்லுறது ஒண்டும் படத்திலை இல்லை.”

யாரோ பின்னால் ஒருவர் சிரித்தார். இவ்வளவு நாளும் எங்களைப் பேய்க்காட்டியிருக்கிறார் என்று ஒரு குரல் வந்தது. ஆங்கிலம் தெரியாமல் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார் என்று இன்னொரு குரல். தந்தி மாஸ்ரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நின்றுவிட்டது.

முன்வீட்டு மாமி எழும்பினார். கதவு நிலையை ஒரு கையால் பிடித்திருந்தார்.

“அப்ப என்ரை தந்தியையும் உப்பிடித்தான் வாசிச்சனீங்களோ, மாஸ்ரர்?”

“இல்லைத் தங்கச்சி,” என்றார் அவர். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். படம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

மாமி ஓடிப்போய் ஒரு பிஸ்கற் ரின்னோடு வந்தார். அதற்குள் இருந்த கடதாசியைச் சித்தப்பாவிடம் நீட்டினார். சித்தப்பா அதை வெளிச்சத்துக்குப் பிடித்தார். ஒவ்வொரு சொல்லாய் வாசித்துச் சொன்னார். கப்பல் உரிய நாளில் வந்து சேரவில்லை. ஆட்களைப் பற்றித் தகவல் இல்லை. தேடுகிறார்கள்.

வேறொன்றும் இல்லையா என்று மாமி கேட்டார். இல்லை அக்கா, இவ்வளவுதான், அவர் என்ன சொன்னவர் என்று சித்தப்பா திருப்பிக் கேட்டார். அவரும் இதைத்தான் சொன்னவர் என்று சொல்லிவிட்டு மாமி நிலத்தில் குந்தியிருந்து அழுதார். நல்லதுதானே, பொய் இல்லையே, பிறகேன் அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. சித்தப்பா கொழும்புக்குத் திரும்பும்வரை சனம் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பழைய தந்தி. சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது, பெட்டியின் அடியில் இருந்தது, எண்ணெய்க் கறை பிடித்தது, கறையான் அரித்தது. சித்தப்பா எல்லாவற்றையும் வாசித்தார். மாஸ்ரர் என்ன சொன்னாரோ அதுதான் கடதாசியிலும் இருந்தது. ஒரு சொல்லைக் கூட்டவில்லை, ஒரு சொல்லைக் குறைக்கவில்லை. கடைசித் தந்தியை வாசித்து முடித்த பின்னேரம் சித்தப்பா சாப்பிடவில்லை. ஆனால் அவரும் சரி, மற்றவர்களும் சரி, ஒருவரும் மாஸ்ரரின் வீட்டுக்குப் போய் அதைச் சொல்லவில்லை. ஐயா மட்டும் ஒருமுறை கூப்பிடப் போனார். கண் சரியில்லை, படம் பார்க்கக்கூடாதாம் என்று வாசலில் நின்றே சொல்லி அனுப்பிவிட்டாராம்.

மிச்ச இரண்டு பாகங்களைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. நாங்களும் போடவில்லை. மாசியில் ஐயா கப்பலுக்குப் போய்விட்டார். பிறகு வந்த வருடங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீடு போனது. ரீவியும் டெக்கும் கசெற்றுகளும் வீட்டோடு போயின. இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போன இடத்தில் தந்தி மாஸ்ரர் காலமானார் என்று நாங்கள் கேள்விப்பட்டதே ஆறு மாதம் கழித்துத்தான்.

சென்ற மாதம் பதின்மூன்று பாகங்களையும் பார்த்து முடித்தேன். நிறுத்தி நிறுத்தி, அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். மாஸ்ரருக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. மறியலில் இருந்த தமையன் சரி. பகிடிகள் சரி. பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி மேலதிகாரி சொல்லும் நீண்ட புத்திமதி சொல்லுக்குச் சொல் சரி. சாவுகள் மட்டும்தான் மாறியிருந்தன. கூட்டிப் பார்த்தேன். அவர் எங்களுக்குச் சொன்ன பாகங்களில் பத்தொன்பது பேர் சாகிறார்கள். பத்தொன்பது பேரையும் எங்கள் கூடத்தில் இருந்து உயிரோடு அனுப்பி வைத்திருக்கிறார்.

இதை யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. தட்டுகளையும் பிளேயரையும் ஒரு பைக்குள் வைத்துக்கொண்டு வல்வெட்டித்துறைக்கு பஸ் ஏறினேன்.

முன்வீட்டு மாமிக்கு இப்போது எண்பது. பழைய காணியிலேயே தமக்கையின் மகன் கட்டிய புது வீட்டில் இருக்கிறார். பார்வை மங்கல், காது நல்ல கூர்மை. நெற்றியில் பொட்டு இருந்தது. தேத்தண்ணீர் குடித்து முடிந்ததும் சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சித்தப்பாவிடம் கேட்டது நான்தான், நான் கேட்காமல் விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது என்று. நாற்பத்தைந்து வருடமாய் உள்ளே கிடந்தது.

மாமி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தான் அந்த ஞாயிறுக்கு இரண்டு நாள் கழித்து மாஸ்ரரிடம் போனதாகச் சொன்னார். எங்கள் தெருவில் ஒருவருக்கும் இது தெரியாது. விடியற்காலை, தண்ணீர் அள்ளப் போகிறவள்போலக் குடத்தோடு போயிருக்கிறார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். மாஸ்ரர் அதைக் கேட்கவிடவில்லையாம். அந்தத் தந்தி வந்த அன்று, தனக்குத்தான் பிழையாகக் கேட்டதோ என்று மூன்று தரம் திருப்பி அடிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பிறகு பென்சன் எடுக்கும்வரை ஒவ்வொரு மாதமும் கொழும்பில் இருந்த கப்பல் கந்தோருக்கு அடித்து விசாரித்திருக்கிறார். ஒவ்வொரு மாதமும் புதிய தகவல் இல்லை என்றே பதில் வந்திருக்கிறது.

“‘இல்லை எண்டதை எப்பிடித் தங்கச்சி நான் கொண்டுவந்து தாறது’ எண்டு கேட்டார்,” என்றார் மாமி. “அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது, இனி உன்ரை மாமா வரமாட்டார் எண்டு. மாஸ்ரர் அதைச் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. தேத்தண்ணி போட்டுத் தந்தார். குடிச்சிட்டு வந்தன்.”

சித்தப்பா தந்தியை வாசித்த அன்று ஏன் அழுதீர்கள் என்று கேட்டேன். செத்துவிட்டார் என்று எழுதியிருக்கும் என நினைத்ததாகச் சொன்னார். எழுதியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எழுதியிருக்கவில்லை, அதுதான் அழுதாராம். அந்த வருடமே தையல் மெசின் எடுத்துத் தொழிலில் இறங்கியதும், மாஸ்ரர் ஊரைவிட்டுப் போகும்வரை வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு மரக்கறிச் சோறு கொடுத்து அனுப்பியதும் அந்தத் தேத்தண்ணீருக்குப் பிறகுதான்.

சரி, படத்தைப் போடு என்றார். பதினோராம் பாகத்தைப் போட்டேன். மாமி கதிரையை ரீவிக்குக் கிட்டே இழுத்து இருந்தார். பொடியனைச் சுவரோடு நிறுத்தினார்கள். வெடிச் சத்தம் கேட்டது. என்ன நடந்தது என்று கேட்டார்.

“செத்திட்டான் மாமி,” என்றேன்.

“ஓம், செத்துத்தான் இருப்பான். அது அண்டைக்கே தெரியும்.”

அன்றைக்கே என்றால், சித்தப்பா சொன்ன பிறகா என்று கேட்டேன்.

“அதுக்கு முன்னமே. அங்கை இருந்த எல்லாருக்கும் தெரியும் பிள்ளை. வெடிபட்டு விழுந்தவன் எழும்புறானோ இல்லையோ எண்டு பாக்க இங்கிலீசு வேணுமே? மாஸ்ரர் என்ன சொல்லுறார் எண்டு கேக்கத்தான் வந்தனாங்கள். உன்ரை சித்தப்பா உரத்துச் சொன்னாப் பிறகு, தெரியாத மாதிரி இருக்கேலாமல் போச்சு.”

பிறகேன் ஐயாவைத் தவிர ஒருவரும் போய் அவரைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். வெட்கம்தான் என்றார். தங்களுக்காகத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று எல்லாருக்கும் தெரிந்தபிறகு, எந்த முகத்தோடு போய் அவர் முன்னால் நிற்பது?

படம் ஓடிக்கொண்டிருந்தது. பொடியனின் தாயிடம் செய்தி சொல்ல இரண்டு பேர் வந்திருந்தார்கள். பெரிய சப்பாத்துகள், மரத் தரையில் நடக்கும் சத்தம். பார்வை மங்கிய மாமி அந்தச் சத்தத்தைத் தலைசாய்த்துக் கேட்டார்.

“சப்பாத்தோடை வந்து சொல்லுறாங்கள்,” என்றார். “மாஸ்ரர் படலையிலையே செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் வருவார். என்ரை தந்தி வந்த அண்டைக்கு நல்ல வெயில். முத்தத்து மணல் சுட்டது. அவர் ஆறுதலாத்தான் நடந்து வந்தவர்.”